முப்பது மில்லிகிராம் காற்று

அன்புள்ள கதிர்,

இதைக் கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். தபாலில் போட்டு அது நார்வே வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் சொல்லத்தான் நினைத்தேன். உன் முகம் திரையில் வந்ததும் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி, பவித்ராவுக்கு இருமல் விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் வைத்துவிட்டேன். எழுதினால் நடுவில் நிறுத்த மாட்டேன் என்று தோன்றியது. பவித்ராவும் இதைப் படிக்கட்டும். அவள் கணக்குப் படித்தவள், வேதியியல் தெரியாது. உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கினால் அது அவளுக்காக என்று பொறுத்துக்கொள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்! "அம்மா, எங்க கம்பெனியில ஒரு லிஸ்ட் போட்டிருக்காக. சிமெண்ட் ஆலைப் புகையிலேர்ந்து கரியமில வாயுவப் பிரிக்கிறதுக்கு எந்தப் பொருள எடுக்கலாம்னு. அதுல ஒன்னோடதும் இருக்கும்மா" என்றாய். "கடைசியா ரெண்டுதான் நின்னுச்சு. நாந்தான் பேசுனேன், இதுல இருக்கிற நம்பரு பெருசுன்னு. எங்கம்மா செஞ்சதுன்னும் சொல்லிட்டேன்" என்று சிரித்தாய். பெரிய அளவில் தயாரிக்கச் சொல்லிவிடுவார்கள் என்றாய். "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். நெட்வொர்க் சரியில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். நெட்வொர்க் சரியாகத்தான் இருந்தது.

கதிர், அந்த எண் தவறு. அது தவறு என்பது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும்.

பவித்ராவுக்குச் சொல்கிறேன். உலோக அணுக்களைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டிய சாரம் போன்ற பொருட்கள் உண்டு. உலோகக் கரிமச் சட்டகங்கள் என்று பெயர். கண்ணுக்கு வெறும் பொடியாகத் தெரியும், உள்ளே முழுக்கத் துளைகள். ஒரு சிட்டிகைப் பொடியின் உட்சுவரையெல்லாம் விரித்துப் போட்டால் ஒரு பெரிய மனைக்கட்டையே மூடிவிடும். வாயுக்கள் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரப்புக்கவர்ச்சி என்று படித்திருப்பாய். சுவரின் தன்மையைப் பொறுத்து ஒரு வாயு அதிகமாக ஒட்டும், இன்னொன்று அவ்வளவாக ஒட்டாது. புகையில் நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்து வருகின்றன. நைட்ரஜனைப் போகவிட்டுக் கரியமில வாயுவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் பொடி கிடைத்தால், பிறகு லேசாகச் சூடாக்கி அதைத் தனியாக எடுத்துவிடலாம். ஒரு கிராம் பொடி எவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் எல்லோரும் முதலில் பார்க்கும் எண். பவித்ரா, உன் மாமியார் அந்த எண்ணில்தான் பெயர் வாங்கினாள்.

கதிர், அப்போது உங்கப்பா இறந்துபோய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நீ ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராக எங்கள் கல்லூரிக்கு வந்து, வேதியியல் துறை மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். ஆறு மணிக்கு உன்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஏழரை ஆகிவிடும். ஒருநாள் நீ படியிலேயே தூங்கிப்போய்விட்டாய். வாட்ச்மேன் வந்து சொன்ன பிறகுதான் நான் கீழே வந்தேன். அந்த நாட்களில் வேலையைத் தவிர வேறெதிலும் என் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் உங்கப்பாவின் செருப்பு கிடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் அது இல்லை. உன்னைப் படியில் உட்காரவைத்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டிருந்தேன். இதையும் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் பொடியை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, சூடாக்கி, வெற்றிடத்தால் இழுத்து, துளைகளில் இருக்கும் கரைப்பானையெல்லாம் வெளியேற்ற வேண்டும். பிறகு குழாயோடு நிறுத்து, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் பொடியின் எடை. நான் வெறுங்குழாயைத் திறந்தபடியே நிறுத்தேன், அதாவது உள்ளே இருந்த காற்றோடு. பொடி போட்டுச் சூடாக்கிய பிறகு நிறுத்தபோது உள்ளே வெற்றிடம். இருபத்தைந்து மில்லி லிட்டர் குழாய்க்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய முப்பது மில்லிகிராம். நூறு மில்லிகிராம் பொடி எழுபதாகக் காட்டியது. பிடித்த வாயுவை அந்த எழுபதால் வகுத்தேன், அதனால் எண் பெரிதாக வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் என் கண் கலங்கியது. குழாயின் அந்தப் பழைய எடையையே வைத்து இன்னும் இரண்டு தடவை அளந்தேன். அதே எண்தான் வந்தது, வராமல் எப்படி இருக்கும்? மூன்று தடவை பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் கட்டுரை எழுதினேன். என் அப்பா நகை வேலை பார்த்தவர் என்பதால், "பத்தர் வீட்டுப் பொண்ணு, எடையில தப்பு வராது" என்று துறையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன்.

அதுவரைக்கும் நடந்தது பிழை. பிழை யாருக்கும் வரும். அதற்குப் பிறகு நான் செய்தது வேறு.

தேன்மொழியை உனக்கு நினைவிருக்கும். வலையபட்டிப் பெண். எனக்குக் கிடைத்த ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது இருபத்திரண்டு வயது. திரவ நைட்ரஜனில் செம்பருத்திப் பூவை முக்கி எடுத்து, கண்ணாடி மாதிரி நொறுக்கிக் காட்டினாளே, அவள்தான். நீ வீடு வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாய். அம்மாவின் கட்டுரையைப் பார்த்துத்தான் வேதியியல் எடுத்தேன் என்று நீ நண்பர்களிடம் சொல்கிறாய். எனக்கென்னவோ அது அந்தச் செம்பருத்தியால் என்றுதான் தோன்றும். அப்போதே எனக்கு அதில் ஒரு சின்னப் பொறாமை இருந்தது.

என் பொருளைத் திரும்பச் செய்து, ஈரப்பதத்தில் அது தாங்குமா என்று பார்ப்பது அவள் வேலை. செய்தாள். என் எண்ணில் எழுபது சதவீதம்தான் வந்தது. "சரியா சூடாக்கல, கரைப்பான் மிச்சம் இருக்கு" என்றேன். மறுபடி செய்தாள், அதே எழுபது. வெப்பநிலையைக் கூட்டச் சொன்னேன், நேரத்தைக் கூட்டச் சொன்னேன், பொடியை முதலிலிருந்து புதிதாகத் தயாரிக்கச் சொன்னேன். பதினோரு மாதம் அந்தப் பெண் ஒரே அளவையைச் செய்துகொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போக மாட்டாள். ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றாள். அவள் கேட்டது வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"மேடம், கோவிச்சுக்காதீக. நீங்க வெறுங்குழாய எப்புடி நிறுத்தீக? காத்தோடயா, காத்து இல்லாமயா?"

"ஏன் கேக்குற?"

"நான் வெற்றிடமாக்கி மூடிட்டுத்தான் நிறுக்கிறேன். நேத்துச் சும்மா காத்தோட நிறுத்துப் பார்த்தேன். அப்புடிக் கணக்குப் போட்டா உங்க நம்பரு வருது."

நான் அவளைப் பார்க்காமல், "அதெல்லாம் பார்த்துத்தான் செஞ்சேன். நீ ஒன் கைவேலையச் சரி பண்ணு" என்றேன். அவள் "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டை எடுத்தேன். நீ பக்கத்து அறையில் சத்தமாக வரலாறு படித்துக்கொண்டிருந்தாய். வெறுங்குழாய் எடை எழுதிய பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது, மூடி இல்லாமல் நிறுத்தது என்று. இரண்டு நிமிட வேலைதான், விஷயம் புரிந்துவிட்டது. நோட்டை மூடி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். இரண்டு வாரத்தில் துறைத்தலைவர் பதவிக்கான நேர்காணல். அந்தக் கட்டுரைதான் என் முதல் தகுதி. ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று வெளிப்படையாகவே கேட்டவர்கள் இருந்தார்கள். நேர்காணல் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதவி கிடைத்தது. அந்த வருடத் திட்ட அறிக்கை முடியட்டும் என்றேன். அறிக்கையில் அவள் முடிவுகள் ஏன் பொருந்தவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. 'திட்ட உதவியாளரின் செய்முறைத் தேர்ச்சி போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு அடுத்த வருடம் நீட்டிப்புக் கிடைக்கவில்லை. பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய விண்ணப்பம் எழுதி வைத்திருந்தாள், அதையும் கொடுக்காமலே போனாள்.

"தேன்மொழி அக்கா ஏம்மா வரல?" என்று நீ கேட்டாய். "கல்யாணம் ஆகிப் போயிட்டா" என்றேன். நீ நம்பினாய். கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிடவில்லையே என்று வருத்தப்பட்டாய்.

அதற்குப் பிறகு நான் நன்றாக வேலை பார்த்தேன், கதிர். நல்ல பேராசிரியை என்றுதான் பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் அந்தப் பொருளை மறுபடி தொடவில்லை. கருத்தரங்குகளில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். யாரோடும் நெருங்கிப் பழகுவதை மெல்ல மெல்ல விட்டேன். சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிடுகிறவர்களிடம் வேலை இருக்கிறது என்பேன். ஒருவரிடம் மனம் திறந்து பேசினால் இதையும் சொல்லிவிடுவேனோ என்ற பயம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்கிறேன். நீயும் போய்விட்டாய். அரை ஆழாக்கு அரிசி போட்டாலே இரண்டு வேளைக்கு வருகிறது. நம் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில நாள் சாயங்காலம் பால்காரர் கூப்பிடும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறப்பேன், குரல் கட்டிப்போய் இருக்கும். உன்னை வரச்சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு பொய்யை மூடி வைக்க நான் எத்தனை பேரை என்னிடமிருந்து தள்ளிவைத்தேன் என்பது தனியாக இருக்கும்போதுதான் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் போன் வந்த அடுத்த சனிக்கிழமை காலையில் வலையபட்டிக்குப் பஸ் ஏறினேன். தேன்மொழி அங்கேதான் இருக்கிறாள், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை, சனிக்கிழமை விடுமுறை என்று அவளோடு படித்த பெண் ஒருத்தி மூலம் தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் இரண்டொரு நரை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வாங்க மேடம். எப்புடி வந்தீக? பஸ்ஸுலயா? இங்குட்டு நிழல்ல வாங்க."

உள்ளே போய் உட்கார்ந்ததும் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நீ நிறுத்ததுதான் சரி, தேன்மொழி" என்றேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்கும் அன்னைக்கே தெரியும் மேடம். நீங்க என் முகத்தப் பார்க்காமப் பேசுனீகள்ல, அப்பவே. ஒரு வருசம் உங்ககிட்டேர்ந்து லெட்டர் வரும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இப்ப எதுக்கு வந்திருக்கீக?"

உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் கம்பெனி, அந்தப் பட்டியல், நீ என் பெயரைச் சொல்லிப் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, கதிரு தம்பி போன் பண்ணலைன்னா நீங்க வந்திருக்க மாட்டீக."

பொய் சொல்லலாம்தான். சொல்லவில்லை. "வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். போகச் சொல்கிறாளோ என்று பையை எடுத்துக்கொண்டேன். இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க, ஆறிரும்" என்றவள், நின்றுகொண்டே பேசினாள். "வேலை போனதக்கூட விடுங்க மேடம். அந்தப் பதினோரு மாசத்துல எனக்கு என் கை மேலயே சந்தேகம் வந்துருச்சு. கொழம்புக்கு உப்புப் போடுறப்பக்கூட ரெண்டு தடவ யோசிப்பேன். இப்பவும் எத நிறுத்தாலும் மூணு தடவ நிறுக்கிறேன். கூட வேலை பார்க்கிற பிள்ளைக சிரிக்கும். அதுகளுக்கு என்ன தெரியும்?"

"என்ன மன்னிச்சுரு" என்றேன்.

"அத இப்பச் சொல்ல முடியாது மேடம்" என்றாள், கோபமில்லாமல். "திருத்தம் எழுதப் போறீகளா?"

"எழுதுறேன்."

"அப்ப என் பேரப் போடுங்க. யாரோ ஒரு உதவியாளர்னு போடாம, பேரப் போடுங்க. இனிஷியலோட."

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பஸ் வந்ததும், "அந்த முன் சீட்டுல உக்காருங்க, ஆட்டம் கம்மியா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனேன். பத்து வருடம் தலைவராக இருந்த துறைக்குள் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைந்தேன். அவள் நோட்டுகள் பழைய தாள்களோடு ஒரு கட்டாகக் கிடந்தன. எல்லா அளவைகளும் தேதிவாரியாக, ஒரு அடித்தல் இல்லாமல் இருந்தன. அவற்றையும் என் நோட்டையும் படி எடுத்து, நடந்ததை எழுதி, கட்டுரை வந்த இதழுக்கு அனுப்பினேன். சரியான அளவு அவளுடையது என்றும், அது எனக்கு அப்போதே தெரியும் என்றும் எழுதினேன். கல்லூரிக்கும் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, அந்த அறிக்கையில் அவளைப் பற்றி நான் எழுதிய வரி பொய் என்று சொன்னேன். பழைய முதல்வர் போன் செய்தார். "ஏம்மா, ரிட்டயர் ஆகி நிம்மதியா இருக்கிற நேரத்துல இது தேவையா? யாரு கேட்டா?" என்றார். ஒருத்தி கேட்டாள், நான்தான் பதில் சொல்லவில்லை என்றேன். அவர் வைத்துவிட்டார். என்னோடு வேலை பார்த்தவர்களில் இப்போதும் மாதம் ஒருமுறை போனில் பேசும் இரண்டு பேரும் இந்த மாதம் பேசவில்லை. அடுத்த மாதமும் பேச மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நேற்று இதழிலிருந்து பதில் வந்தது, திருத்தத்தை வெளியிடுகிறார்கள். அதில் அவள் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. தேன்மொழிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பது போனில் தெரிகிறது. பதில் எதுவும் எழுதவில்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். அந்தப் பொருள் முழுக்கப் பொய் இல்லை. நைட்ரஜனை விட்டுக் கரியமில வாயுவைத் தேர்ந்து பிடிப்பது உண்மை. இரண்டு வாயுவையும் ஒரே எடையால் வகுத்ததால் அந்த விகிதம் மாறாது. பிடிக்கும் அளவுதான் நான் எழுதியதில் எழுபது சதவீதம். அந்தக் கணக்கில், உங்கள் பட்டியலில் கடைசியாக நின்றதாக நீ சொன்ன இன்னொரு பொருள்தான் முன்னால் நிற்கும். அம்மாவின் பெயர் கெடுமே என்று எதையும் பூசி மெழுகாதே. தேன்மொழியின் அளவுகளை இதோடு அனுப்புகிறேன். முடிந்தால் நீயே ஒருமுறை அளந்து பார். வெறுங்குழாய் எடையை எழுதும்போது உள்ளே என்ன இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுது. நாளைக்கு உனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் ஒரு கேள்வியோடு வந்து நிற்பார்கள். நீ களைத்துப் போயிருப்பாய், அல்லது ஏதாவது ஒரு நேர்காணல் இருக்கும். அப்போது வீட்டுக்குப் போய்த் தனியாக நோட்டைத் திறக்காதே. அவர்கள் நிற்கும்போதே, அவர்கள் கண் முன்னாலேயே திற. எனக்கு அந்த ஒரு மாலை நேரத் தனிமை போதுமானதாக இருந்தது, மறைப்பதற்கு.

நீ மேலதிகாரி முன்னால் என் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டாய். அவர் முன்னாலேயே நாளை இதைச் சொல்ல வேண்டியிருக்கும். உன் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்காகத்தான் முதல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். தேன்மொழி விஷயத்தில் செய்ததையே உன்னிடமும் செய்கிறேன் என்று உறைத்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடாதே. முதலில் உன் ஆபீசுக்குப் போய்ச் சொல். அதற்குப் பிறகு, கோபமெல்லாம் கொஞ்சம் தணிந்து எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு. இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு, அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது. நான் எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா